இடக்கைச் சிலுவை

முடி பின்னும் கடைக்கு அனுலிகா வெகுநாள் பெயர்ப்பலகை வைக்கவே இல்லை. மகள் முனாச்சியின் தலையே போதுமான விளம்பரமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போது அந்தப் பதினோரு வயதுப் பெண்ணின் தலையில் ஏதாவது ஒரு புதுப் பின்னல் இருக்கும். மறுநாள் அதே பின்னல் வேண்டுமென்று நைஜீரியாவின் ஒனிட்சா நகரத்துப் பாதிப் பெண்கள் கடை வாசலில் வந்து நிற்பார்கள். அப்படிப்பட்ட தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வா என்கிற பள்ளிக்கூடத்தைத்தான் முனாச்சி தனக்கு வேண்டுமென்று கேட்டாள்.

அவள் கேட்டாள் என்பதே பெரிய விஷயம். வாயைத் திறந்து எதையும் கேட்கிற பிள்ளை இல்லை அவள். வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், நின்றபடியே இருப்பாள். எழுதச் சொன்னால் மற்றவர்கள் முடித்துவிட்டு வெளியே ஓடிய பிறகும் இரண்டாவது வரியில் இருப்பாள். ஆரம்பப் பள்ளி ஆசிரியைகள் நல்லவர்கள். 'மந்தம்' என்று முகத்துக்கு நேரே சொல்லாமல் 'அமைதியான பெண்' என்று சொன்னார்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அனுலிகாவுக்குத் தெரியும்.

பிறந்ததிலிருந்தே முனாச்சிக்கு இடது கைதான் முன்னே வரும். இடது கையால் கொடுத்ததை அந்த ஊரில் பிச்சைக்காரன்கூட வாங்க மாட்டான். வணக்கம் சொல்ல, வாங்க, கொடுக்க, சாப்பிட எல்லாவற்றுக்கும் வலது கைதான். அதனால் பிள்ளை தவழ ஆரம்பித்த நாளிலிருந்து அனுலிகா "அந்தக் கை இல்ல, தாயி" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தாள். எழுதுவதற்கும் அதையேதான் சொன்னாள். பழகப் பழகச் சரியாகிவிடும் என்று முழு மனதாக நம்பினாள். கடையில் ஆள் இல்லாத நேரம் முனாச்சி பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இடது கையால் புதுப் பின்னல்களுக்குக் கோடு போட்டுப் பார்ப்பாள். கோடு வழுக்கிக்கொண்டு ஓடும். அதை மட்டும் அனுலிகா பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிடுவாள். கடைக்கு லாபமாயிற்றே.

உயர்நிலைப் பள்ளி தேடும் காலம் வந்தபோது கணவன் ஒசிட்டா தன் பழைய காரைக் கழுவித் துடைத்து எடுத்தான். மோட்டார் உதிரிப் பாகங்கள் விற்கிறவன். பொருளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்காமல் எதையும் வாங்க மாட்டான், பள்ளிக்கூடம் உட்பட. முதலில் பார்த்தது 'பன்னாட்டு' என்று பெயர் வைத்த ஒரு தனியார் பள்ளி. விளம்பரத்தில் இருந்த நீச்சல் குளம் நிஜத்திலும் இருந்தது. அதற்குள் தண்ணீருக்குப் பதிலாக இரண்டு ஆடுகள் நின்றன. ஒசிட்டா ஆடுகளுக்கு மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டான்.

இரண்டாவது, அவன் மனசுக்குப் பிடித்த இடம். ஆங்கிலிக்கன் திருச்சபை நடத்துகிற பெண்கள் பள்ளி. ஒசிட்டாவின் குடும்பம் நாலு தலைமுறையாக ஆங்கிலிக்கன். அவனே சர்ச் கமிட்டியில் இருக்கிறான், பாடல் குழுவில் தாழ்ந்த குரலில் பாடுகிறான். அங்கே எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வருகைப் புத்தகத்தில் பெயர் எழுத முனாச்சி மறந்துபோய் இடது கையால் பேனாவை எடுத்தாள். பக்கத்தில் நின்ற ஆசிரியை கையிலிருந்த அளவுகோலால் புறங்கையில் லேசாகத் தட்டினாள். அடி என்று சொல்ல முடியாது. ஆனாலும் அன்று வீடு வரும்வரை முனாச்சி பேசவில்லை.

மூன்றாவது, எனுகு நகரத்துக்குப் போகிற சாலையில் குன்றின்மேல் இருந்த புனித வெரோனிக்கா பெண்கள் உயர்நிலைப் பள்ளி. கன்னியாஸ்திரிகள் நடத்துவது. அங்கே போகலாம் என்று சொன்னதே அனுலிகாதான், அதையும் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் சொன்னாள். அவர்கள் போன அன்று தண்ணீர் இறைக்கிற மோட்டார் நின்றுபோயிருந்தது. பெரிய வகுப்புப் பெண் ஒருத்தி, சீருடைக்கு மேல் பழைய துணியைக் கட்டிக்கொண்டு, தரையில் குப்புறப் படுத்து அதைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒரு கன்னியாஸ்திரி குடை பிடித்தபடி பக்கத்தில் நின்றாள். முனாச்சி மெதுவாக அருகில் போனாள். பிறகு அனுலிகாவின் காதில் அவள் வருஷக்கணக்கில் கேட்காத ஒன்று விழுந்தது. மகள், முன்பின் தெரியாத ஒருத்தியிடம், தானாகவே கேள்வி கேட்டாள்.

"இது ஏன் இவ்வளவு சூடாகுது?"

அந்தப் பெண் சலித்துக்கொள்ளாமல் விளக்கினாள். விளக்கிக்கொண்டே ஸ்பேனரை நீட்டி, இதைப் பிடி என்றாள். முனாச்சி பிடித்தாள். எந்தக் கையால் என்று யாரும் பார்க்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். மோட்டார், சுருள், தேய்ந்த வளையம், அந்தப் பெண்ணின் பெயர், அவளுடைய சொந்த ஊர். கடைசியில், "மம்மி, இந்த ஸ்கூல்தான். முடி போனா போகட்டும்," என்றாள்.

ஸ்பேனர் பிடித்த விதத்தில் ஒசிட்டாவுக்கும் உள்ளூரப் பெருமைதான். ஆனால் அது கத்தோலிக்கப் பள்ளியாயிற்றே. அவர்கள் பக்கத்தில் கத்தோலிக்கருக்கும் ஆங்கிலிக்கருக்கும் உள்ள பழைய உரசலைப் பற்றித் தனியாக ஒரு கதை சொல்லலாம். பந்து விளையாட்டிலிருந்து பஞ்சாயத்துத் தேர்தல்வரை எதிலும் இரண்டு கட்சிதான். ஒசிட்டா மகளைப் பின்கண்ணாடியில் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"இருக்கிறது ஒரே பொண்ணு. அதுவும் வெள்ளை முக்காடு போட்டுக்கிட்டு வந்து, நான் கன்னியாஸ்திரியாகப் போறேன் டாடின்னு நின்னா, எனக்குப் பேரப்பிள்ளை எந்தக் கடையில வாங்குறது?"

இருந்தும் மகள் ஆசையாகக் கேட்ட முதல் விஷயம் அது. பரீட்சை எழுதட்டும் என்று ஒப்புக்கொண்டான். ஒரு நிபந்தனை போட்டான். ஜெபமாலை, சிலுவை போடுவது, இதெல்லாம் என் பிள்ளைக்கு யாரும் பழக்கக் கூடாது. படிப்பு மட்டும்தான். அதைச் சொல்லும்போது அவன் அனுலிகாவைப் பார்க்கவில்லை. அதனாலேயே அது தனக்குத்தான் என்று அவளுக்குப் புரிந்தது.

ஏனென்றால் அனுலிகா பிறந்தது கத்தோலிக்க வீட்டில். பெண் எந்த வீட்டுக்கு வாழப் போகிறாளோ அந்த வீட்டுச் சர்ச்சுக்குப் போக வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். கல்யாணத்தன்று அவளும் மாறினாள். சண்டை போடவில்லை, அழவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் விட்டுப் போகவில்லை. போலீஸ்காரர்கள் துப்பாக்கியோடு வண்டியை நிறுத்துகிற இடங்களிலும், லாரிகள் உரசிக்கொண்டு போகிற பாலத்திலும், அவளுடைய வலது கட்டைவிரல் தானாக நெற்றிக்குப் போய்ச் சின்னதாக ஒரு சிலுவை போட்டுவிட்டு வந்துவிடும். பார்க்கிறவர்களுக்குப் பூச்சி கடித்த இடத்தைச் சொறிகிறமாதிரி இருக்கும். பதினாலு வருஷமாகக் கணவன் கண்டுபிடிக்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த நேரத்தில்தான் பெர்பெச்சுவா வந்து குட்டையைக் குழப்பினாள். கடையின் நிரந்தர வாடிக்கைக்காரி, கத்தோலிக்கப் பெண்கள் சங்கத்தில் பெரிய ஆள், தலையைப் பின்னுகிற நேரம் முழுக்க வாயை மூடாதவள். அவள் சொன்னதன் சுருக்கம் இது: வெரோனிக்காவில் ரோமன் கத்தோலிக்கப் பிள்ளைகளை மட்டும்தான் எடுப்பார்கள். நேர்காணலில் ஜெபம் சொல்லச் சொல்வார்கள். 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் தெரியாத பிள்ளையை வாசலோடு அனுப்பிவிடுவார்கள். தன் அக்கா மகளின் சிநேகிதிக்கு அப்படித்தான் ஆயிற்று. சொல்லிவிட்டுப் பின்னல் இறுக்கமாக இருக்கிறது என்று வேறு குறை சொன்னாள்.

அனுலிகாவுக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கணவனிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும். கேட்காவிட்டால் இடம் போய்விடும். இடம் போனால் முனாச்சி மறுபடியும் அந்த அளவுகோலுக்கு முன்னால் போய் நிற்பாள், மறுபடியும் வாயை மூடிக்கொள்வாள். இந்தத் தடவை மூடினால் பிறகு திறக்கவே மாட்டாளோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. பொய் சொல்ல அவளுக்குப் பிடிக்காது. ஆனால் இது பொய் இல்லை, வெறும் ஜெபம்தானே என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து கடையை மூடுகிற நேரத்தில் பாடம் நடந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உதிர்ந்த முடிக்கும் சவுரிகளுக்கும் நடுவே தாயும் மகளும் எதிரெதிரே நின்றார்கள். நெற்றி, நெஞ்சு, தோள், மறுதோள். "என்னைப் பாத்து அப்படியே செய், தாயி." முனாச்சி பார்த்து அப்படியே செய்தாள். ஜெபத்தை இரண்டே நாளில் மனப்பாடம் பண்ணிவிட்டாள். டாடிக்குத் தெரியுமா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். சமயம் வரும்போது மம்மி சொல்லிக்கொள்கிறேன் என்று அனுலிகா சொன்னாள். அந்தச் சமயம் என்றைக்கு என்று அவளுக்கே தெரியாது.

எழுத்துப் பரீட்சை அன்று வாசலில் வைத்து இன்னொரு புத்திமதியும் சொன்னாள். கன்னியாஸ்திரிகள் ரொம்பக் கண்டிப்பானவர்கள், அதனால் இடது கையை மேசைக்குக் கீழே மடியிலேயே வைத்துக்கொள், மறந்தும் மேலே எடுக்காதே. முனாச்சி தலையாட்டினாள். வெளியே வந்தபோது அவள் முகம் சுண்டிப்போயிருந்தது. கணக்கெல்லாம் போட்டுவிட்டாளாம். கட்டுரையில் பாதிதான் வந்ததாம். "கை வரல, மம்மி," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அனுலிகாவுக்கு அந்த மூன்று வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

அப்படியும் நேர்காணலுக்கு வரச் சொல்லிச் செய்தி வந்தது. ஜெபம்தான் காப்பாற்றப் போகிறது என்று அனுலிகா முடிவே கட்டிவிட்டாள்.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஒசிட்டா சிங்கத் தலைகள் அச்சிட்ட தன் விசேஷச் சட்டையைப் போட்டுக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் இறங்கியதும், முனாச்சியின் காலணியில் அப்பிய செம்மண்ணை அனுலிகா குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தாள். அதற்குள் அவன் தலைமையாசிரியைக்கு வணக்கம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று முன்னால் போய்விட்டான். திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. என்ன பேசினீர்கள் என்று கேட்க நேரமில்லை, உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

தலைமையாசிரியை சிஸ்டர் பெனிக்னா உயரமான பெண்மணி. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். மின்சாரம் போய் விசிறி நின்றுவிட்டதால் ஒரு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லிவிட்டு, ஜெபத்தோடு ஆரம்பிப்போம் என்று அட்டையைக் கீழே வைத்தார். அவர் கை நெற்றிக்குப் போயிற்று. முனாச்சி கண்ணை மூடி, கற்றுக்கொண்டதை மறக்காமல், நிதானமாகச் சிலுவை போட்டாள். நெற்றி, நெஞ்சு, தோள், மறுதோள். ஒரு பிசகும் இல்லை. கைதான் இடது கை.

அந்த நொடியில்தான் அனுலிகாவுக்கு உறைத்தது. நாள் முழுக்கக் கண்ணாடியைப் பார்த்தே வேலை செய்கிறவள் அவள். எதிரே நின்ற மகள் கண்ணாடிக்குள் தெரிகிற உருவம்போலத் தன் கை போன பக்கமே கையை அசைத்தபோது, அது சரியாகத்தான் இருக்கிறது என்று அவள் கண் நம்பிவிட்டது. என்னைப் பார்த்து அப்படியே செய் என்று சொன்னவளும் அவளேதான்.

ஆமென் சொல்லி முடித்ததும் ஒசிட்டா மகளைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், மறுபடியும் மகளைப் பார்த்தான்.

"இது யாரு சொல்லிக் குடுத்தது?"

முனாச்சி தாயைப் பார்த்தாள். அந்தப் பிள்ளைக்குப் பொய் வராது. "மம்மி. கடையில," என்றாள். பிறகு, இதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம் என்று நினைத்தவள்போல, "அருள் நிறைந்த மரியேவும் தெரியும்," என்று சேர்த்துக்கொண்டாள்.

சிஸ்டர் பெனிக்னா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அனுலிகாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டார் என்பது உதட்டில் தெரிந்தது.

"உங்க வீட்டுக்காரர் இப்பதான் வாசல்ல வந்து சொல்லிட்டுப் போனார். நாலு தலைமுறையா ஆங்கிலிக்கன், எங்க பொண்ணு அப்படியே இருக்கணும்னு. இங்க இருக்கிற பிள்ளைங்கள்ல பாதிப் பேர் ஆங்கிலிக்கன்தாம்மா. இதுக்காகவா இவ்வளவு கஷ்டப்பட்டீங்க?"

பெர்பெச்சுவாவை அனுலிகா மனசுக்குள் என்னென்ன திட்டினாள் என்பதை இங்கே எழுத முடியாது. வெட்கத்தில் அவள் தலை கவிழ்ந்துவிட்டது. எல்லாம் முடிந்துபோயிற்று என்றே நினைத்தாள். கணவனுக்குத் தெரியாமல் செய்ததும் வெளியே வந்துவிட்டது, ஏமாற்றப் பார்த்த குடும்பம் என்ற பெயரும் வந்துவிட்டது. இனி எந்த முகத்தோடு இடம் கேட்பது?

ஆனால் சிஸ்டருக்கு வேறு யோசனை. மேசையிலிருந்து ஒரு விடைத்தாளை எடுத்துப் புரட்டினார். கணக்கெல்லாம் சரி என்றார். கட்டுரைதான் புரியவில்லை என்றார். நன்றாக ஆரம்பித்த பிள்ளை பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டதாம். கூட இருக்கிற சிஸ்டர்கள் அலட்சியம் என்றார்களாம். எழுத்து ஒவ்வொன்றும் நடுங்குகிறது, அலட்சியக்காரப் பிள்ளைக்கு ஏன் நடுங்க வேண்டும் என்று கேட்கத்தான் கூப்பிட்டு அனுப்பினாராம். அவர் முனாச்சி பக்கம் குனிந்தார்.

"நீ எந்தக் கையால எழுதுவ?"

"வலது கையாலதான் சிஸ்டர்," என்று ஒசிட்டா முந்திக்கொண்டான். "பிள்ளையை ஒழுங்காத்தான் வளர்த்திருக்கோம்."

"நான் அவளைத்தானே கேட்டேன்."

முனாச்சி அம்மாவைப் பார்த்தாள். வகுப்பில் எழுந்து நிற்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று அனுலிகா அதுவரை பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். பதில் தெரியாத முகம் இல்லை அது. பதில் தெரியும், சொல்லலாமா என்று கேட்கிற முகம். இந்தப் பிள்ளை இத்தனை வருஷமாக இப்படித்தான் நின்றிருக்கிறது, என்னைக் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"அவளுக்கு இடது கை, சிஸ்டர்," என்றாள். "நான்தான் விடல. பரீட்சையிலகூட மடியில வெச்சுக்கன்னு நான்தான் சொன்னேன்."

சிஸ்டர் விடைத்தாளையும் ஒரு பேனாவையும் நீட்டி, மிச்சத்தை எழுது என்றார். முனாச்சி எழுந்து, முழங்காலை லேசாக மடக்கி, இரண்டையும் வலது கையால் வாங்கிக்கொண்டாள். நன்றி சொன்னாள். உட்கார்ந்த பிறகு பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். அந்தப் பக்குவத்தைப் பார்த்து சிஸ்டர் இப்போது வாய்விட்டே சிரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு பேனா ஓடிய சத்தம்தான். வரி முடிந்து வரி வந்தது. மழை ஓட்டின்மேல் கொட்ட ஆரம்பித்ததுகூட முனாச்சிக்குத் தெரியவில்லை. ஒசிட்டா நாற்காலியை விட்டு எழுந்து மகளின் தோளுக்குப் பின்னால் போய் நின்றான். தன் பிள்ளையின் சொந்தக் கையெழுத்தை அவன் அன்றுதான் முதல்முதலாகப் பார்க்கிறான். கட்டுரைக்குத் தலைப்பு 'எனக்குப் பிடித்த இடம்'. அனுலிகா தன் கடையைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தாள். பிறந்தது முதல் அங்கே வளர்ந்த பெண் ஆயிற்றே. ஒசிட்டா மெதுவான குரலில் படித்தான். டாடியின் கடையைப் பற்றி எழுதியிருந்தாள். வண்டியைத் திறந்து பார்க்காமல் சத்தத்தைக் கேட்டே எந்தப் பாகம் கெட்டுப்போயிற்று என்று டாடி சொல்வாராம். தானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருப்பாளாம். தனக்கும் இப்போது சில சத்தங்கள் தெரியுமாம், இதுவரை யாரிடமும் சொன்னதில்லையாம்.

அதற்குமேல் ஒசிட்டாவால் படிக்க முடியவில்லை. சட்டையில் இருந்த சிங்கங்களை நீவி விட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். சிஸ்டர் தாளை வாங்கிக்கொண்டார். முடிவு அவர் ஒருவர் கையில் இல்லையாம், சொல்லி அனுப்புவார்களாம்.

திரும்பும் வழியில் ஒன்பதாம் மைல் என்கிற சாலையோரச் சந்தையில் ஒசிட்டா வண்டியை நிறுத்தினான். அங்கே பயற்று மாவை வாழையிலையில் சுற்றி அவித்த சூடான ஒக்பா விற்கிறவர்கள் வண்டியை மொய்த்துக்கொண்டார்கள். மூன்று வாங்கினான். பிரித்து ஒரு வாய் தின்ற பிறகுதான் பேச்சு வந்தது. கோபம் இருந்தது. ஆனால் அவள் பயந்த கோபம் இல்லை.

"கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன், முனா அம்மா. இருந்தாலும் நீ கேட்டிருக்கணும். ஒரு கன்னியாஸ்திரிக்கு முன்னால மாடு மாதிரி முழிச்சேன்."

அவள் தன் தப்பை ஒத்துக்கொண்டாள். பெர்பெச்சுவா கதையைச் சொன்னாள். எதிரெதிரே நின்று சொல்லிக்கொடுத்ததில் கை மாறிப்போனதையும் சொன்னாள். அவன் ஒக்பாவை மெல்லுவதை நிறுத்திவிட்டு யோசித்தான். கையைத் தூக்கி ஸ்டியரிங்குக்கு முன்னால் அசைத்துப் பார்த்தான். பிறகு அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கக் கூடாது என்று இருந்தும் சிரிப்பு நிற்கவில்லை. பின் இருக்கையிலிருந்து முனாச்சி ஒரு சந்தேகம் கேட்டாள்.

"டாடி, இனிமே நான் எந்தக் கை?"

"சாப்பிடுறது வலது கை. குடுக்கிறது, வாங்குறது, பெரியவங்களுக்கு வணக்கம் சொல்றது, எல்லாம் வலது கை. எழுதுறதும் ஸ்பேனர் பிடிக்கிறதும் எந்தக் கைக்கு வருதோ அந்தக் கை. சிலுவை போடுறது எந்தக் கையுமில்ல. புரிஞ்சுதா?"

புரிந்தது என்றாள். அனுலிகாவுக்கும் புரிந்தது. அடுத்த போலீஸ் சோதனையில் அவள் கட்டைவிரலைப் புடவைபோல் சுற்றிய துணியின் மடிப்புக்குள் செருகி வைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் ஆரம்பப் பள்ளியில் முனாச்சி இடது கையால் எழுதினாள். ஆசிரியை கேட்டதற்கு, டாடி சொன்னார் என்றாளாம். ஆசிரியை ஒசிட்டாவின் கடையைத் தேடி வந்து விசாரித்தாள். அவன் உள்ளேயிருந்து எண்ணெய்க் கையோடு எழுந்து வந்து ஆமாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அனுலிகாவோ ஃபோன் அடிக்கும்போதெல்லாம் சீப்பைக் கீழே போட்டாள். இடம் கிடைக்காமல் போனாலும் பரவாயில்லை, பிள்ளை கை திரும்பக் கிடைத்துவிட்டதே என்று ஒரு நாள் நினைப்பாள். மறுநாளே அந்தத் தாராளம் காணாமல் போய்விடும். கிடைத்தே ஆக வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்ளும்.

செய்தி வந்தபோது அவள் கை பெர்பெச்சுவாவின் தலைமேல் இருந்தது. பள்ளி அலுவலகத்திலிருந்து பேசினார்கள். இடம் உண்டு, செப்டம்பரில் வந்து சேரலாம், தலைமுடி ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். அனுலிகா அழுதாள், சிரித்தாள், பாதிப் பின்னலில் நின்ற பெர்பெச்சுவாவின் தலையை அப்படியே விட்டுவிட்டுக் கணவன் கடைக்கு ஓடினாள். நான் சொன்னபடி ஜெபம் சொல்லிக்கொடுத்ததால்தான் கிடைத்தது என்று பெர்பெச்சுவா இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

முடியை அனுலிகாதான் வெட்டினாள். வேறு யாரையும் தொட விடவில்லை. முனாச்சி கண்ணாடிக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வாடிக்கைக்காரிகள் சாவு வீட்டில் நிற்கிறமாதிரி சுற்றி நின்று உச்சுக்கொட்டினார்கள். வெட்டி முடித்ததும் அத்தனை நாள் பின்னலுக்குள் ஒளிந்திருந்த முகம் பளிச்சென்று வெளியே வந்தது. காது இரண்டும் விடைத்துக்கொண்டு நின்றன. ஒசிட்டா பார்த்துவிட்டு, அட, இது என் மூஞ்சி, இவ்வளவு நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்று மனைவியைக் கேட்டான். கடைக்கு அந்த வாரமே ஒரு பெயர்ப்பலகை எழுதி மாட்ட வேண்டியதாயிற்று.

பள்ளி திறந்த அன்று குன்றுமேல் கார்களாக நின்றன. இரும்புப் பெட்டி, மெத்தை, வாளி, வறுத்த மரவள்ளி மாவு, பால் பவுடர், எல்லாவற்றையும் இறக்கி வைத்தார்கள். கேட்டுக்கு உள்ளே பெற்றோருக்கு அனுமதி இல்லை. மோட்டார் பழுது பார்த்த அந்தப் பெரிய பெண்ணே வந்து பெட்டியின் ஒரு பக்கக் கைப்பிடியைத் தூக்கினாள். மறுபக்கத்தை முனாச்சி தூக்கிக்கொண்டாள். அழவில்லை. நடந்துகொண்டே அந்தப் பெண்ணிடம் ஏதோ கேட்டாள். அவள் பதில் சொன்னாள், இவள் மறுபடியும் கேட்டாள். கட்டிடத்துக்குள் நுழையும் முன் திரும்பிப் பார்த்து, பெட்டி பிடிக்காத கையை உயர்த்தி ஆட்டினாள். அது இடது கை. பெரியவர்களைப் பார்த்து ஆட்டக் கூடாத கை. அதட்ட வாயைத் திறந்த ஒசிட்டா அப்படியே மூடிக்கொண்டு தன் கையைத் தூக்கி ஆட்டினான்.

மகள் உள்ளே மறைந்ததும் அனுலிகாவின் கை அவளைக் கேட்காமலே எழுந்தது. இந்தத் தடவை கட்டைவிரல் மட்டும் இல்லை. நெற்றி, நெஞ்சு, தோள், மறுதோள் என்று முழுச் சிலுவை. போட்டு முடித்த பிறகுதான் பக்கத்தில் கணவன் நிற்பது நினைவுக்கு வந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

ஒசிட்டா கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கார்ச் சாவியைச் சட்டைப்பையில் தேடி எடுத்தான்.

"லீவுக்கு வந்ததும் அவளுக்கு இதை ஒழுங்கா சொல்லிக் குடு," என்றான். "எதிர்ல நிக்காதே. பக்கத்துல நின்னு சொல்லிக் குடு."